மற்றவை, குறிப்பிடவும்

ஒரு படிவத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
கொண்டலாம்பட்டியிலிருந்து ஏற்காடு,
அங்கிருந்து செம்மநத்தம், பஸ் காசு என் கையிலிருந்து.

கேள்வி இருபத்தேழு:
ரேஷன் கடை திறக்காவிட்டால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?
ஒன்று, ஊராட்சித் தலைவர்.
இரண்டு, கிராம நிர்வாக அலுவலர்.
மூன்று, கட்சிக்காரர்.
நான்கு, யாரிடமும் இல்லை.

காயும் மிளகைக் காலால் தள்ளிக்கொண்டே
வெள்ளாயி சொன்னாள்: "கண்டக்டர்கிட்ட."

எந்தக் கண்டக்டர்?

"நாலே முக்கால் வண்டி.
ரெண்டு ஊர்க் கடைக்கும் அவன் ஒருத்தன்தான்,
தினம் அதுலதான் கீழ எறங்கறான்.
நம்ம கடை ரெண்டு நாள் பூட்டிக் கெடந்தா
கண்டக்டர் அவனுக்குச் சில்லறை தரமாட்டான்.
மூணாம் நாள் பதினேழாவது வளைவுல
சத்தமாக் கேட்டுருவான், வண்டியே திரும்பிப் பாக்கும்.
நாலாம் நாள் கடை தொறந்திருக்கும்."

தலைவரிடம் சொல்லலாமே?

"அவரு கார்ல போறவரு."

டேப்லெட்டில் கண்டக்டருக்கு எண் இல்லை.
மற்றவை என்றால் இருபது எழுத்துக்குள் விளக்கம்.
விளக்கம் எழுதினால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார்.
திரும்பி வந்த படிவத்துக்குக் காசு நிற்கும்.
முதல் நாள் ஆறு பேருக்கு எழுதினேன்.
மறுநாள் ஒருத்திக்கு.
அப்புறம்
நாலே முக்கால் வண்டியை நானும் பிடிக்கவேண்டியிருந்தது.
நான்கு. நான்கு.
நான்கு.

பதினோரு மாதம் கழித்து
அஸ்தம்பட்டி ஓட்டல் மாடியில் கருத்தரங்கு.
படிவம் நிரப்பியவர்களுக்கும் அழைப்பு வந்தது,
கடைசி வரிசை, காகிதத் தட்டில் போண்டா.
திரையில் ஒரே ஒரு நீலக் கம்பம்
பக்கத்திலிருந்த மூன்றையும் குட்டையாக்கிக்கொண்டு நின்றது.
"மலைமக்கள் அதிகாரத்திடம் முறையிடுவதில்லை"
என்றார் பேராசிரியர் சுதர்சனம்.
எண்ணின் தலையில் மூன்று நட்சத்திரம்.
தற்செயலாக இப்படி வர
ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லையாம்.

அது சரி. தற்செயல் இல்லை.

காரணம் என்ன என்று யாரோ கேட்டார்கள்.
அச்சம், என்றார். அமைப்புகள்மேல் அவநம்பிக்கை.
வெள்ளைக்காரன் காலத்து எஸ்டேட்டிலிருந்து தொடங்கி
வரலாறு ஒன்றும் சொன்னார், நன்றாகத்தான் இருந்தது.
கேள்வி உண்டா என்று பின்வரிசைப் பக்கமும் பார்த்தார்.
என் வாயில் போண்டா இருந்தது.
அதை மென்று முடிப்பதற்குள் கைதட்டல்.
ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று படியிறங்கினேன்.
கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அடுத்த சுற்றுக்கு இருநூற்றிருபது தருகிறார்கள்,
பெயர் கொடுத்திருக்கிறேன்.
புதுப் படிவத்தில் மற்றவையை எடுத்துவிட்டார்கள்.
யாரும் பயன்படுத்தவில்லையாம்.