நாற்பத்திநாலு

விளக்குத்தூண் பக்கம் மூன்று மாடி ஜவுளிக்கடை.
இரண்டாவது மாடி, ஆண்கள் சட்டை, நான்.

வாசல் கண்ணாடியில்
சிகரெட்டுக்கும் ஐஸ்கிரீமுக்கும் நாய்க்கும் பக்கத்தில்
துப்பாக்கிக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
ஸ்டிக்கர் செட்டாகத்தான் வருமாம்,
தனித்தனியாகக் கிடைக்காது என்றார் முதலாளி.

அதற்குக் கீழே ஆக்னஸ் அக்கா.
அக்கா கையிலுள்ள கருவி
சாவிக்குக் கத்தும், பெல்ட்டுக்குக் கத்தும்,
அரைஞாண் தாயத்துக்கும் கத்தும்.
எல்லாருக்கும் கத்துவதால்
யாரையும் நிறுத்துவதில்லை.
‘போங்க சார், போங்க.’

அவர் மேலூர்ப் பக்கம்.
பில்லில் ஆதப்பன் என்று வரும்.
முதல் தடவை மார்பில் டேப் போட்டேன்: நாற்பது.
‘நாற்பத்திநாலு எடுங்க.’
தொளதொளன்னு நிக்கும் சார்.
‘நிக்கட்டும்.’

இடுப்பைச் சுற்றும்போது
வலது பக்கம் டேப் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.
எலும்பு அங்கே அப்படி இருக்காது.
டேப்பைச் சுருட்டினேன்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
நான் சட்டை அடுக்கைப் பார்த்தேன்.
‘லைசென்ஸ் இருக்கு தம்பி.’
நான் கேட்கவே இல்லை.
‘டக் பண்ணுவீங்களா சார்?’ என்றுதான் கேட்டேன்.
‘பண்றதில்ல.’

மேனேஜரிடம் சொல்லியிருக்கலாம்.
மேனேஜர் முதலாளியிடம் சொல்லி,
முதலாளி படியிறங்கி வந்து
‘வெளிய வச்சிட்டு வாங்கண்ணே’ என்று கும்பிட்டிருக்கலாம்.
வெளியே எங்கே?
பை வைக்குமிடத்தில்,
யாரோ ஒருவருடைய டிபன் கேரியருக்கும்
முருங்கைக்காய்க் கட்டுக்கும் நடுவில்
டோக்கன் போட்டா?

சொல்லவில்லை.
ஒரு சட்டைக்கு எனக்கு நாலு ரூபாய்.
அவர் ஆறு எடுத்தார்.

அப்புறம் மூன்று வருஷம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்.
தூணில் முதுகு படும்படி நிற்பார்.
ஒரு ஆடித் தள்ளுபடியில்
யார் வீட்டுக் குழந்தையோ அப்பா என்று நினைத்து
அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டது.
இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்,
போலீஸ் முன்னால் நிற்கிற மாதிரி.
தாய் வந்து பிரித்தெடுக்கும்வரை
இறக்கவில்லை.
பிள்ளை நெற்றியைத் தேய்த்துக்கொண்டே போனது.

நான் மட்டும் பார்த்தேன்.
அன்று இரவு பழங்காநத்தம் பஸ்ஸில்
தொளதொளவென்று சட்டை போட்ட ஒவ்வொருவனையும்
மார்பளவு எடுத்தபடியே வந்தேன்.

இந்தப் பங்குனியில்
தேர்தல் தேதி அறிவித்த மறுவாரம் வந்தார்.
கீழே கருவி கத்தியது.
சாவியாக இருக்கும்.

‘நாற்பது காட்டுங்க.’
டேப் தடங்கலில்லாமல் சுற்றி வந்தது.
‘ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு’ என்று
பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார்.
எங்கள் பில் மாதிரியே
நாலாக மடித்திருந்தது.

டிரையல் ரூமில் ரொம்ப நேரம் இருந்தார்.
தைத்துப் போட்டதுபோல் பொருந்தியிருந்தது.
முதல் தடவையாக அவருக்கு ஒரு உடம்பு இருப்பது தெரிந்தது,
அது ஒன்றும் பெரிய உடம்பில்லை என்பதும்.
கண்ணாடிக்கு முதுகைக் காட்டி
லிப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வலது கை நிமிஷத்துக்கு ஒருமுறை இடுப்புக்குப் போய்
வெறும் துணியைத் தொட்டுவிட்டு வந்தது.

யாருண்ணே, என்று கேட்க வாய் வந்தது.
விலைச்சீட்டைத் திருப்பிப் படித்தேன்.

‘ஓட்டு எண்ணி முடிச்சா திருப்பிக் குடுத்துருவாங்க.
அப்ப இதை நாற்பத்திநாலா மாத்திக்கலாமா?’
‘பில் இருந்தா பதினஞ்சு நாளைக்குள்ள சார்.
போட்டிருக்கக் கூடாது.’

விரல் விட்டு எண்ணினார்.
ஓட்டுப்பதிவு வந்தது.
அழகர் ஆற்றில் இறங்கினார்,
திரும்ப மலைக்கும் போய்விட்டார்,
எண்ணிக்கை இன்னும் வரவில்லை.
விரல் தீர்ந்துவிட்டது.

‘சரி, ரெண்டு சைஸ்லயும் ஒவ்வொண்ணு போடுங்க’ என்றார்.
‘ஒரே கலர்ல.
வித்தியாசம் தெரியக் கூடாது.’