நூற்றிருபதாவது மணி

ரோடெல் ஃபைனல் எக்ஸிட்டில் போனபோது
ப்ளேஸ்டேஷனை எங்களுக்கு விற்றான்.
முந்நூற்றிருபது ரியால் கேட்டான்.
கன்ட்ரோலரில் இடது குமிழ் தானாக நகரும்,
அதற்கு இருபது கழித்தோம்.
மூன்று பங்கு: இபுறாம்சா, நான்,
கட்டிலைவிட்டு இறங்காமலே நூறை நீட்டிய பெனடிக்ட்.

கணக்கை அழிக்காமல் போயிருந்தான்.
பெட்டியைப் போட்டால் இன்னும் அவன் பெயர்தான் வரும்,
பக்கத்தில் பல் விழுந்த அவன் மகள்,
கீழே கோப்பைகள். வெண்கலம், வெள்ளி, தங்கம்.
ஒரே ஒரு விளையாட்டில் மட்டும்
தொண்ணூற்றெட்டில் நின்றுபோயிருந்தது கோடு.
பனித் தேசத்தில் ஒளிந்திருக்கும் நூற்றிருபது மணிகள்.
நூற்றுப் பத்தொன்பது அடித்தாயிற்று.

ஜுபைலில் அது ஆகஸ்ட்.
குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால்
ஹீட்டரை அணைத்துவிட்டு அதிலிருந்துதான் பிடிக்க வேண்டும்.
இபுறாம்சா ஷிப்ட் முடிந்து வந்து
கண்ணில் வெல்டிங் வெளிச்சம் ஆறுவதற்குள்
குதிரையேறிப் பனிக்குள் போய்விடுவான்.
மலைக்கு மலை, இடிந்த கோபுரத்துக்குக் கோபுரம்,
பார்த்த இடத்தையே நாலாவது தடவை.

"அடித்தாலும் அவன் பேரில்தானே விழும்" என்றேன்.
"விழட்டும்."
"யூடியூப்பில் பார்த்தால் ரெண்டு நிமிஷம்."
"அப்ப நீ பாரு. பார்த்துட்டு வாயை மூடிட்டு இரு."

எனக்குக் கோப்பை வேண்டாம்.
அந்தத் தேசத்தில் ஒரு மரப்பாலம் உண்டு.
அங்கே மட்டும் பனி இல்லை, மழை.
குதிரையை விட்டு இறங்கி
ஆறு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.
ஒருநாள் அப்படி நிற்கையில்
டிங் என்று ஒரு வெண்கலம் வந்து விழுந்தது:
ஒரு மணி நேரம் அசையாமல் நின்றவருக்கு.
சப்பென்று போய்விட்டது எனக்கு.
சும்மா நின்றதைக்கூட
எவனோ எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.
இப்போதெல்லாம் அந்தப் பாலத்தில்
காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே நிற்கிறேன்.

சைட்டிலும் உண்டு இது.
காயமில்லாத பத்து லட்சம் மணி நேரத்துக்கு
ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம், ஒரு தொப்பி.
தொப்பியில் கம்பெனி பெயர்.
இபுறாம்சாவின் வெல்டர் எண் நூற்றுப் பதினேழு.
போட்ட ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும்
மார்க்கரால் அதை எழுதுவான், ஏழுக்கு நடுவில் ஒரு கோடு கிழித்து.
எக்ஸ்ரே வரும். பாஸ் என்பார்கள்.
பிறகு கம்பளி சுற்றி, அலுமினியத் தகடு போர்த்தி,
ரிவெட் அடித்துவிடுவார்கள்.
இனி யாராவது அந்த எண்ணைப் பார்த்தால்
ஏதோ ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு நைட் ஷிப்ட் விழுந்த வாரத்தில் அது நடந்தது.
திரை குறித்துவைத்திருந்த நேரம் 2:52.
ஏசி இரைந்துகொண்டிருந்திருக்கும்,
பெனடிக்ட் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான்.
மணி ஒரு பாழ்கிணற்றுக்குள்
தலைகீழாகக் கிடந்ததாம்.
இறங்க வழியில்லை, விழத்தான் வேண்டும்,
விழுந்தால் குதிரை போய்விடும்.
மூன்று வருஷத்துக் குதிரை, அதுவும் ரோடெலுடையது.
விழுந்திருக்கிறான்.
இதை முடித்தவர்கள் ஆயிரத்தில் நான்கு பேர் என்றது திரை.
அந்த நான்கு பேரில் ஒருவன் ரோடெல்.

வெள்ளிக்கிழமை ரோடெலிடமிருந்து செய்தி.
போய் எட்டு மாதத்தில் இதுதான் முதல்.
இபுறாம்சா இரண்டுமுறை படித்துவிட்டு
என்னிடம் நீட்டினான்.
வாழ்த்தும் இல்லை, கோபமும் இல்லை.
'அந்தக் கிணறு எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் விட்டுவைத்திருந்தேன்.'

போனைக் கவிழ்த்து வைத்தான்.
டியூட்டி சட்டையைப் பக்கெட்டில் அமுக்கினான்.
காலருக்குச் சோப்புப் போட்டுக்கொண்டே,
முகத்தைத் திருப்பாமல் கேட்டான்:
"அன்னைக்கு ராத்திரி அந்தச் சத்தம்,
உனக்குக் கேட்டுச்சுல்ல?"

நல்லா கேட்டுச்சு என்றேன்.