எழுபத்திரண்டு மணி நேரம்

மறுப்பு வராவிட்டால்
வெள்ளி இரவு சேர்த்துவிடுவோம் என்று
எழுதியது நான்தான்.

கணினி வாசிக்கும் குரலுக்குச்
சொல்லின் முதலில் 'ச' எப்படி ஒலிக்க வேண்டும்?
கோமதிசங்கருக்கு அழுத்தி, 'ச்சோறு'.
கொல்லத்து மனைவி அப்படித்தான் பரிமாறுகிறாளாம்.
ரெஜினா மூன்று பக்கம் இலக்கணம் அனுப்பினாள்.
ஷாகுல் ஒரு கட்டைவிரல்.
யாருக்கும் சம்பளம் இல்லை,
ஆகவே விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

பீர்முகம்மது மட்டும் பேசவில்லை.
சம்மதம் என்று கணக்கெழுதினேன்,
பெண்ணைக் கேட்டாயிற்று என்று
கல்யாண வீட்டில் சொல்வார்களே, அப்படி.

புளியரை எஸ் வளைவு தாண்டினால்
போன் கேரளத்துக்குக் கட்சி மாறும்.
மழை வலுத்தால்
எந்தக் கட்சியும் இல்லை.

ஞாயிறன்று ஆரியங்காவிலிருந்து குரல்பதிவு,
பின்னால் மரலாரி ஹாரன்:
"நாலு நாளா கரண்ட் இல்லண்ணே.
இன்னைக்குக் காலைல போன்
சாஜிதா பேரைச் சொல்லுச்சு.
வேற யாரோ பிள்ளையக் கூப்பிடுத மாதிரி இருந்துச்சு.
எம் மவதானேன்னு
ரெண்டு தடவ கேட்டேன்."

எங்களில்
திரையைக் காதால் பார்ப்பவன் அவன் ஒருவன்தான்.

திரும்பப் பெற இரண்டு நிமிடம் போதும்.
விதிப்படி, மறுபடி எழுபத்திரண்டு மணி நேரம்.
விதியை எழுதியதும் நான்தான்.

செங்கோட்டையில்
கூரியர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ச், ச் என்று
தனியே சொல்லிப் பார்க்கிறேன்.
பார்சல் வாங்க வந்தவர் குனிந்து நுழைந்து,
பல்லியா என்று
கூரையைப் பார்க்கிறார்.