இரண்டாவது திறப்பு

பித்தப்பையில் கல்.
"மூன்று நாள் படுக்க வேணும்" என்றார் டொக்டர்.
"போன் வைத்திருக்கலாமோ?" என்று கேட்டேன்.

மானிப்பாய் மின் பணிமனையில் ஒன்பது வருசம்.
எந்தக் கம்பத்தில் எந்தக் காகம் கூடு கட்டியது என்பதுவரை
என் தலைக்குள் இருந்தது,
வேறெங்கும் எழுதியிருக்கவில்லை.
அதைத் திறமை என்று சொல்லித் திரிந்தேன்.
மச்சாளின் மகளுக்குத் தாலி ஏறும் நேரம்
மேளம் உச்சத்தில் போக
ஒரு காதைப் பொத்திக்கொண்டு
"எந்த ஒழுங்கை? எந்த ஒழுங்கை?" என்று கத்தியவன் நான்.
கலியாண வீடியோவில் இப்பவும் கத்துகிறேன்.

பொறுப்பைக் கஜவதனியிடம் கொடுத்தேன்.
கொடுத்தேன் என்றால்,
நாலு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்:
லொறிக்கு டீசல் எத்தனை லீற்றர்,
றெஜிசுக்குத் தேத்தண்ணி எத்தனை மணிக்கு,
தூறினால் என்ன, கொட்டினால் என்ன.
வாசித்தாள். மடித்தாள்.
"எல்லாம் இருக்கு சேர்.
எனக்கு மட்டும் இதில வேலை இல்லை."

ஆளிப்பெட்டித் திறப்புக் கோர்வையை
அவளின் மேசையில் வைத்தேன்.
இரண்டாவது கோர்வை
என் காற்சட்டைப் பையில்
பெரியாஸ்பத்திரிக்கு வந்தது.

கார்த்திகை மாதம்.
வெட்டிய மறுநாள் இரவு காற்றுப் பிடித்தது.
வாட்டில் விளக்கு நின்று,
ஜெனரேற்றர் இரண்டுதரம் இருமி எழும்பியது.
கட்டிலில் கிடந்தபடி இருட்டை வாசித்தேன்:
அராலிப் பக்கம் போயிருக்கும்.
நவாலியில் தென்னைகள் வயரில் சாய்ந்திருக்கும்.
கல்லுண்டாய் வெளியில் காற்றை மறிக்க ஒன்றுமில்லை.

தையலைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.
"பிள்ளை, சந்தியில இருந்து தொடங்கு.
பிறகு வெளியால போ. நான் எப்பவும்..."
"சேர்."
தகரத்தில் மழை அடிக்கும் சத்தம்.
"றெஜிஸ் அண்ணை கம்பத்தில நிக்கிறார்.
அவருக்கு இப்ப நான் சொல்லுறதோ, நீங்கள் சொல்லுறதோ?
ஒண்டைச் சொல்லுங்கோ."

கோபமாகக் கேட்கவில்லை.
படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புகிறவள்போலக் கேட்டாள்.

பதினோராயிரம் வோல்ற்றுக்குப் பக்கத்தில்
இரண்டு குரல் கேட்கிற மனிதன்
எப்படி இறங்குவான் என்று எனக்குத் தெரியும்.
ஒருமுறை பார்த்திருக்கிறேன்.
அதைப்பற்றி நான் கதைப்பதில்லை.

"நீதான்" என்றேன்.
டொக்டர் எடுத்த கல் சின்னது.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.
அடுத்த கட்டில்காரர்,
அச்சுவேலியில் வெங்காயம் செய்கிறவர்,
"ஆரோட தம்பி சண்டை?" என்றார்.
"வேலையோட."
"அது வெல்லாது" என்று திரும்பிப் படுத்தார்.
எது எதை வெல்லாது என்று சொல்லவில்லை.
சேலைன் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
அவையும் என்னைக் கேட்காமலே விழுந்தன.

திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன்.
கடைசியிலிருந்து தொடங்கியிருக்கிறாள்,
லொறி ஏற்கெனவே அராலியில் நின்றதால்.
நான் என்றால் இருபத்தைந்து நிமிடம் முந்தியிருக்கும்.
முந்தியிருக்கலாம்.
ஆனைக்கோட்டையில் ஓர் ஒழுங்கை
விடியும்வரை இருட்டில் கிடந்திருக்கிறது.
அதற்கு நேரே அவளின் எழுத்து:
"மறந்துவிட்டேன். 5.40க்குச் சரிசெய்யப்பட்டது."
கீழே முழுப்பெயர், கையொப்பம்.

ஒன்பது வருசப் பதிவேடுகளை இறக்கிப் புரட்டினேன்.
"மறந்துவிட்டேன்" என்று
என் கையெழுத்தில் ஒரு வரி இல்லை.
மறக்காததால் அல்ல.

இரண்டாவது கோர்வையை நீட்டினேன்.
இவ்வளவு நாளும் எங்கே இருந்தது என்று
அவள் கேட்கவில்லை.
கொளுக்கியில் கொழுவினாள்.
கை இன்னும் அடிக்கடி பையைத் தடவுகிறது.

மார்கழியில் ஒருநாள், மழை,
சண்டிலிப்பாயிலிருந்து ஒரு குரல்:
"கரண்ட் எப்ப வரும்?"
"பொறுப்பானவவிட்டைக் குடுக்கிறன், நில்லுங்கோ."
"ஏன், நீங்கள்தானே அங்க பெரியவர்?"
"ஓம்" என்றேன்,
"அதாலதான் எனக்குத் தெரியாது."