பாராமுகம்

யாய்சு துறைமுகம். சூரைமீன் கிடங்கு.
உள்ளே மைனஸ் அறுபது.
சனிக்கிழமை இரவுதான் யுகாரிக்கு
விரல்கள் முழுதாகத் திரும்பி வரும்.

கடைசி ரயிலில் ஷிசுவோகா.
பல் மருத்துவமனைக்குக் கீழே பதினேழு படி.
தடித்த அடிக்கட்டை பூட்ஸ் ஒவ்வொரு படியையும்
கேட்டுக்கேட்டு இறங்கும்.

ஆட்டத்தின் பெயர் பாரா பாரா.
தமிழில் எழுதினால் தானாக ஒரு பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது:
யாரும் யாரையும் பாரா ஆட்டம்.
நாற்பது பேர், ஒரே சுவரைப் பார்த்து.
இடுப்புக்குக் கீழே
வலம், இடம், வலம், இடம்,
பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பவர்களைப்போல.
இடுப்புக்கு மேலே எண்பது கைகள்
ஒரே கையெழுத்தில் எதையோ காற்றில் எழுதும்,
உடனே அழிக்கும்.

பாட்டு இத்தாலியில் செய்தது,
சொற்கள் ஆங்கிலம்,
வியர்வை மட்டும் இந்த ஊர்.
காதல், நெருப்பு, இரவு என்று ஏதோ சொல்கிறாள் பாடுபவள்.
நிமிடத்துக்கு நூற்றைம்பத்தைந்து அடி.
பொருள் கேட்க யாருக்கு நேரம்?

யுகாரி வீடியோ கேசட்டில் கற்றவள்.
திரையில் ஆடியவள் வலக்கை தூக்க
எதிரே நின்று இவள் இடக்கை தூக்கினாள்,
கண்ணாடியென்று நினைத்து.
அப்படியே நூற்றுப்பத்துப் பாட்டு.

முதல் இரவே பக்கத்துப் பெண்ணின் தோடு தெறித்தது.
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
இவள் அப்படிச் சொல்லவில்லை;
கூடம்தான் இவளைக் கோணல் என்றது.
கடைசி வரிசை, தூண் ஓரம், என்றது.

திருத்திப் பார்த்தாள்.
மூளை ஒப்புக்கொண்டது. கைகள் கேட்டால்தானே?

நவம்பரில் ஒருநாள்
தூணுக்கு இந்தப் பக்கம் இன்னொருவரையும் தள்ளினார்கள்.
கூரியர் கம்பெனி ஜாக்கெட். பெயர் குசானோ.
புறங்கையில் பழைய நகக்கீறல்கள்.

ஒரு பாட்டு. இரண்டு.
மூன்றாவதின் நடுவில்தான் உறைத்தது:
யாரும் இவளை இடிக்கவில்லை.

திரும்பிப் பார்க்கக் கூடாது.
பார்க்கவில்லை.
ஓரக்கண்ணில் ஒரு சட்டைக்கை மட்டும்,
தன் கையோடு ஏறி
தன் கையோடு இறங்கியது.

பாட்டு முடிந்த அரை நொடியில்
சுவரைப் பார்த்தபடியே கேட்டான்:
"டி.வி.க்கு எதிரே நின்றா?"
சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:
"ஆமாம்."

அடுத்தது தொடங்கிவிட்டது.

அன்றிரவு அந்த அறையில்
முப்பத்தெட்டுப் பேர்
தப்பாக ஆடினார்கள்.