உள்பையில் வந்த மாப்பிள்ளை

வெளியே மைனஸ் ஒன்பது.
ஓலொமோத்ஸிலிருந்து ஓஸ்ட்ராவா வரை
மாப்பிள்ளையைக் கோட்டின் உள்பையில் வைத்து
ரயிலில் கொண்டுவந்தார் வ்லஸ்திமில்.
தயிர்க் கோப்பை, மூடியில் ஊசித்துளை பதினொன்று,
குறுக்கே ஒரு குச்சி. குச்சியில்
காய்ந்த புல்லின் நிறத்தில் அவன்.

கதவைத் திறந்த ஹெட்விகா
"குளிர் பட்டதா?" என்றாள்.
"காதில் கொஞ்சம்" என்றார் அவர்.
அவள் கேட்டது கோப்பையை.

நாம் கும்பிடுபூச்சி என்கிறோம்.
அந்த ஊர் மொழியில் அதன் பெயருக்குள்
ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது,
பின்னாலேயே பக்தியும் வருகிறது.
ஒரே கையைப் பார்த்து
இரண்டு ஊர் வைத்த பெயர்.

பகலில் ஹெட்விகா பல்செட் செய்கிறாள்.
முகம் தெரியாத வாய்களுக்கு
மெழுகில் கடைவாய் செதுக்குகிறாள்.
வீட்டில் எப்போதும் இருபத்தாறு டிகிரி;
மற்றவர்கள் ஜாம் வைக்கும் அலமாரியில்
வாழைப்பழக் கூழும் ஈஸ்ட்டும் புளிக்கிற புட்டிகள்,
புட்டிக்குள் பறக்கத் தெரியாத ஈக்கள்.
மின்கட்டணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
கேட்க அங்கே யாரும் இல்லை.

மூன்று நாளாக மணப்பெண்ணுக்கு விருந்து.
கரப்பான் நான்கு, நீல ஈ ஆறு,
தூரிகை நுனியில் ஒரு சொட்டுத் தேன்.
வயிறு நிறைந்தவள் விட்டுவிடுவாள் என்பது
வளர்ப்பவர்களின் நம்பிக்கை.
நம்பிக்கைதான்.

ஒன்பது மணிக்கு விளக்கைத் தணித்தார்கள்.
சமையலறையில் இரண்டு நாற்காலி,
ஆளுக்கொரு மெல்லிய தூரிகை,
விபரீதமானால் பிரித்துவிட.
பேசக் கூடாது.
மூச்சையும் முகத்தைத் திருப்பித்தான் விட வேண்டும்.

அவள் தலையைத் திருப்பினால்
அவன் குச்சியாகிவிடுகிறான்.
அவள் மறந்தால்
ஒரு கால். பிறகு அரைக் கால்.
பதினொன்றரைக்கு வ்லஸ்திமிலின் வயிறு கத்தியது.
ஹெட்விகா ரொட்டியை
ஓசையில்லாமல் தள்ளினாள்.
அவர் ஓசையில்லாமல் மென்றார்.
(மேல்வரிசை தன் பட்டறையில் செய்ததில்லை
என்று அந்த இருட்டிலும் அவளுக்குத் தெரிந்தது.)

ஒன்றேமுக்காலுக்கு அவன் பாய்ந்தபோது
அவர் தூங்கிப்போயிருந்தார்,
தூரிகையைப் பிடித்தபடியே.
அவள் எழுப்பவில்லை.
இரண்டு பேர் காவலையும்
விடியும்வரை ஒருத்தியே பார்த்தாள்.

ஆறு மணிக்குத் திடுக்கிட்டு விழித்தார்.
மாப்பிள்ளை திரைச்சீலை உச்சியில்,
தலையோடு.
"என்ன ஆயிற்று?"
"ஆயிற்று" என்றாள்.

மூன்றாவது வாரம் மூடியின் அடியில்
நுரை தள்ளி முட்டைக் கூடு கட்டினாள் பெண்.
பல் அச்செடுக்கும் மாவு இறுகுவதுபோல
ஓரத்திலிருந்து இறுகியது.
தொலைபேசியில் சொன்னபோது
"அவன் நேற்றே" என்றார் வ்லஸ்திமில்.
இரண்டு முனையிலும்
யாரும் உடனே வைக்கவில்லை.

அந்தக் கண்ணில் ஒரு கரும்புள்ளி உண்டு,
எந்தப் பக்கம் போனாலும் கூடவே வரும்.
பார்வை அல்ல அது.
பார்க்கிறவர் நிற்கும் இடம், அவ்வளவுதான்.
தெரிந்தும் பத்து மாதம்
அதற்குக் காலை வணக்கம் சொன்னாள் ஹெட்விகா.

பங்குனிக் குளிரில் கால்நுனிகள் உதிர்ந்தன.
கண் முழுக்கக் கறுத்தது; புள்ளியைக் காணோம்.
பட்டறை இடுக்கியால்
வெட்டுக்கிளியின் வயிற்றைக் கிள்ளி
வாயருகே பிடித்தாள்.
தாடை பக்கவாட்டில் அசைந்தது.
பதினெட்டு வருடத்தில் எத்தனையோ வாய்;
நேராக ஊட்டியது இந்த ஒன்றுக்கு.
நான்கு நாள் தின்றது.
ஐந்தாம் நாள் இடுக்கியைக் கழுவி வைத்தாள்.

மாதக் கடைசியில், ஒரு ஞாயிறு காலை,
கூட்டிலிருந்து நூல் நூலாய்த் தொங்கினார்கள்.
நூற்று நாற்பத்திரண்டு என்றாள்.
அனுப்பிய காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து
நூற்று முப்பத்தொன்பதுதான் என்றார் அவர்.
இரவு வெகுநேரம் வாக்குவாதம்.

மறுநாள் மாலை அவளே கூப்பிட்டாள்.
"இப்போது நூற்றுப் பதினேழு.
தின்றவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.
கோப்பைகள் போதவில்லை,
தயிர் நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்."