இரண்டு புள்ளி ஆறு மீட்டர்

பயண நாளில் வண்டிக்குள் எல்லாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
சிலிண்டரின் வால்வு, கழிப்பறைத் தொட்டி,
டம்ளர்களுக்கு நடுவே என் பழைய வேட்டித் துண்டு,
உருண்டோடும் பூண்டுக்கு ஒரு தூக்குவாளி.
நான் சரிபார்த்துவிட்டேன் என்றால்
தெய்வானை நம்பமாட்டாள்.
ஒவ்வொரு கொக்கியையும் மறுபடி இழுத்துப் பார்ப்பாள்,
முப்பத்தோரு வருஷம்
பிள்ளைகளுக்கு ஊசி போட்ட கையால்.

மொபெட்டில் மருந்துப் பெட்டியோடு அலைந்தவள்
ஓய்வு பெற்ற மறுமாதம் கற்றுக்கொண்டது இந்த வண்டியை.
பள்ளிக்கூட வேன். கட்டில் போட்டோம்,
ஜன்னலுக்குச் சேலை கிழித்தோம்.
மஞ்சளின் மேல் வெள்ளை அடித்தும்
நனைந்தால் பள்ளியின் பெயர் லேசாகத் தெரியும்.

திருவையாற்றிலிருந்து தரங்கம்பாடி.
நாலு மணிக்குக் கடல், கடலைப் பார்த்தபடி காபி:
நோட்டில் எழுதியிருந்தேன், நேரமும் கிலோமீட்டரும்.
வரப்பை அளந்தே பென்ஷன் வாங்கியவன் நான்.
என் நோட்டு தப்பாது.

தை அறுவடை.
சாலையில் பாதி எங்களுக்கு, பாதி நெல்லுக்கு.
தலையில் துண்டு சுற்றிய ஒருத்தி
காலாலேயே நெல்லைக் கோடுகோடாகக் கிளறிக்கொண்டு போனாள்,
ஹாரனுக்குத் திரும்பவில்லை.
அதன்பின் தெய்வானை ஹாரனைத் தொடவில்லை.
பதினைந்தில் ஊர்ந்தோம்.
செல்போன்காரிக்குத்தான் பொறுமையில்லை,
ஆடுதுறை தாண்டி வலப்பக்கம் திருப்பிவிட்டாள்.

ரயில் பாதைக்கடியில் ஒரு சுரங்கவழி.
குறுக்கே இரும்புச் சட்டம்: உயரம் 2.6 மீட்டர்.
“நம்முது எவ்வளவுங்க?”
“ரெண்டரை.”
“மேல வெச்ச தண்ணித் தொட்டியோடயா?”

அண்ணன் தம்பிக்கு
அங்குலம் பிசகாமல் பாகம் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.
சங்கிலியை எப்போதும் தரையில்தான் போட்டேன்.
மேல்பக்கம் அளக்க யாரும் மனு கொடுத்ததில்லை.

பின்னால் ஒரு டிராக்டர், ஒரு மினி பஸ், ஏழெட்டு பைக்.
இறங்கி நின்று கை காட்டினேன்.
‘வரட்டும்’ என்பதும் ‘போதும்’ என்பதும்
என் கையில் ஒரே மாதிரி இருந்ததாம்
(இது அவள் பிறகு சொன்னது,
அரைமணி நேரம் பேசாமலிருந்துவிட்டு).
டிராக்டர் பையன் குதித்து வந்தான்.
“அக்கா, ஸ்டியரிங்க நேராப் புடிங்க,
அவரப் பாக்காதீங்க.”
அவள் பார்க்கவில்லை.
வண்டி நூல் பிடித்தாற்போல் பின்னால் போனது.

திரும்பி வந்தால் கேட் மூடியிருந்தது. இரண்டு ரயில்.
சாப்பிட்ட இடத்தில் கண்ணயர்ந்ததும் கணக்கில் சேரும்.
குத்தாலத்துக்கு முன்பே இருட்டிவிட
நெல் கொள்முதல் நிலையத்தின் ஓரம் நிறுத்தினோம்.
முன்சக்கரத்துக்கு அரைச் செங்கல்.
ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்தது.
அன்றைக்கு நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

தார்ப்பாய்க்குக் கீழே நெல்.
நெல்லுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டில்,
அதில் கலியபெருமாள்.
“இது நாலாம் ராத்திரிங்க. ஈரம் பத்தொம்பதுங்கறாங்க.
பதினேழுக்கு வரணுமாம்.”
எங்கள் கட்டிலை, அடுப்பை, குட்டி விளக்கை
எட்டிப் பார்த்தார்.
“நீங்க எதுக்குக் காத்துக் கெடக்கறீங்க?”

“சும்மாங்க,” என்றாள் தெய்வானை. “ஊர் பாக்க.”

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார்.
“சும்மாவும் படுக்கலாம்தான்,” என்றார்.
காபியை வாங்கிக்கொண்டார்.
பூண்டு வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு அவள் பக்கம் காலியாயிருந்தது.
வெளியே பனி, வைக்கோல் போல் மணத்துக்கொண்டு.
எங்கள் முன்பந்தல் தார்ப்பாயைச் சுருளோடு இழுத்து
அவருடைய நெல்லின் கிழக்கு மூலையில் விரித்துக்கொண்டிருந்தாள்.
அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
“புடிங்க அந்தப் பக்கம்.
அளந்துட்டு நிக்காதீங்க.”

விடிந்தது. பள்ளியின் பெயர் ஈரத்தில் தெரிந்தது.
நோட்டைப் பிரித்து உயரம் 2.9 என்று திருத்தினேன்.
கிளம்பும் நேரத்துக்கு விட்ட இடம் அப்படியே இருக்கிறது.
ஈரம் பார்க்கும் கருவி
பத்து மணிக்குத்தான் வருமாம்.